மாரமங்கலத்தில் ஓர் ஏக்கர்

அம்மாவுக்குக் காபி எஸ்டேட்டில் ஓய்வு கொடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது நான் மஸ்கட்டில் நர்ஸ் வேலையில் இருந்தேன். அப்பா இல்லை. வேலை போனால், மலைமேல் வெள்ளக்கடையில் இருந்த லைன் வீடும் போய்விடும். எஸ்டேட் கொடுத்த வீடு அது, அடுத்த ஆளுக்குக் காலி செய்ய வேண்டும். சேலத்தில் ஒரு ஃப்ளாட் பார்க்கட்டுமா என்று போனில் கேட்டேன். "அந்த வெக்கையில என்னைய வேக வெக்கப் பாக்கறியா கண்ணு?" என்று பட்டென்று வைத்துவிட்டாள்.

அதே மலையில் மாரமங்கலத்தில் ஓர் ஏக்கர் காபித் தோட்டம், நடுவில் ஓர் ஓட்டு வீட்டோடு விலைக்கு வந்தது. லீவு போட்டுப் பறந்து வந்தேன். விலை பேசி முடித்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோமே என்று சேலத்தில் என் வரிக் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டரிடம் போனேன். என்னைவிடச் சின்னப் பெண்.

"உங்க பேர்ல வாங்க முடியாதுங்க," என்றார். "நீங்க நான்-ரெசிடென்ட். வீடு வாங்கலாம், மனை வாங்கலாம். விவசாய நிலம், காபித் தோட்டமெல்லாம் விலைக்கு வாங்கக் கூடாதுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மஸ்கட்டில் எனக்குக் கொடுத்திருக்கும் கார்டில் 'ரெசிடென்ட்' என்று போட்டிருக்கிறது. வேலை முடிந்தால் மூட்டை கட்டச் சொல்லும் ஊர் அது. அங்கே நான் குடியிருப்பவளாம். பிறந்து வளர்ந்து அட்டைக்கடி வாங்கிய மலையில் குடியில்லாதவளாம். நல்லா இருக்குதே கதை!

"அப்ப லீவை நீட்டி ஆறு மாசம் இங்கேயே உக்காந்துக்கறனுங்க. ரெசிடென்ட் ஆயிருவேன்ல?" மஸ்கட்டில் எங்கள் விடுதியில் எல்லோரும் நம்புவது இதைத்தான்.

"நாள் எண்ணிப் பாக்கறது வருமான வரிக்குங்க. நிலம் வாங்கறதுக்குச் சட்டமே வேற. வெளிநாட்டு வேலையை விட்டுப்போட்டு, இனி இங்கதான்னு வந்தாத்தான் ஆகும்."

வேலையை விட்டால் நானும் அம்மாவும் சாப்பிடுவது எதை? கண்ணில் தண்ணீர் வந்தே விட்டது. தோட்டம் யாருக்கு என்று கேட்டார். அம்மாவுக்கு என்றேன்.

"அம்மா எங்க இருக்காங்க?"

"வெள்ளக்கடையிலதாங்க. மலையை விட்டு எறங்குனா அவங்களுக்குத் தலைவலி வந்துரும்."

"அப்பறம் என்னங்க? அவங்களே வாங்கட்டும். நீங்க பணத்தை பேங்க் மூலமா அம்மாவுக்கு அன்பளிப்பாக் குடுங்க, அதுக்கு அவங்க வரி கட்ட வேண்டியதில்ல. ஆனா ஒண்ணு. அப்பறம் அது அவங்க சொத்து. பேருக்கு அம்மா, உள்ளுக்குள்ள நீங்கன்னு இருக்கக் கூடாது."

சந்தோஷம் தாங்காமல் பஸ் ஏறினேன். அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"கூலிக்காரிக்கு எதுக்கு சாமி பத்திரமெல்லாம்? பாக்கறவங்க சிரிப்பாங்க. உம் பேர்லயே வாங்கு."

"எம் பேர்ல முடியாதும்மா. நான் இந்த ஊர்ல குடியிருக்கறவ இல்லைன்னு ஆடிட்டர் பொண்ணு சொல்லுது."

"எவ சொன்னா? கூட்டிட்டு வா அவள, நான் கேக்கறேன்!"

சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கத்திவிட்டேன். "காலமெல்லாம் அடுத்தவன் செடிக்குக் கவாத்துப் பண்ணுனியே, அப்ப யாராச்சும் சிரிச்சாங்களா? நீ வாங்கலைன்னா நான் டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுட்டு இந்த லைன் ஊட்டுலயே உக்காந்துக்குவேன். ரெண்டு பேருமா ரோட்டுக்குப் போலாம்."

அந்த மிரட்டல்தான் வேலை செய்தது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள்.

ஒண்டிக்கடை முக்குப் பக்கம் இருந்த பத்திரம் எழுதுபவர் பெயர், வயது, விலாசம் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"தொழில் என்னங்கம்மா?"

எஸ்டேட் கூலி என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"காப்பித் தோட்டம் வெச்சிருக்கறனுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் கையெழுத்தே போடலீங்களே?"

"அதான் போடப் போறனே," என்றாள் அம்மா. "நீங்க எழுதுங்க."