கடலுக்கு முதுகு காட்டிய பெஞ்சுகள்

நாகலட்சுமிக்குக் குளிர் ஆகாது. சென்னையில் கட்டடக்கலை படித்துவிட்டு, 1974-இல் கணவர் வெங்கட்ராமனோடு மெல்பன் வந்தவள். முதல் குளிர்காலத்திலேயே புடவைக்குள் கம்பளிக் கால்சட்டை போட்டுக்கொள்ளப் பழகிவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

மறுவருஷம், மெல்பனுக்கு மேற்கே கடலோர மீன்பிடி ஊர் ஒன்றில் படகுத்துறைக்குப் பக்கத்தில் சதுக்கம் அமைக்கும் வேலை வந்தது. மேலாளர் கோலின் வரைபடத்தைப் போட்டே வைத்திருந்தார். திறந்த புல்வெளி, கடலைப் பார்த்து வரிசையாகப் பெஞ்சுகள். இடத்தை அளந்து வர அவளை அனுப்பினார்.

அது ஜூலை மாதம், அங்கே நடுக் குளிர்காலம். அங்கிருந்த பழைய பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். கடல் தெற்கே இருந்தது. காற்றும் அங்கிருந்துதான் வந்தது. கண்ணில் நீர் முட்டியது. வெயிலோ இந்த நாட்டில் வடக்கிலிருந்து விழுகிறது. அது வீணாக அவள் முதுகில் கிடந்தது. தாங்க முடியாமல் எழுந்து, மீன் கொட்டகையின் வடக்குச் சுவரோரம் ஒதுங்கினாள். அங்கே காற்றே இல்லை. செங்கல் இளஞ்சூடாக இருந்தது. சுவரில் சாய்ந்து புகைத்துக்கொண்டிருந்த இரண்டு மீனவர்கள் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள்.

மெல்பன் திரும்பியதும் வரைபடத்தையே மாற்றினாள். கடல் பக்கம் ஒரு செங்கல் சுவர். அதை ஒட்டிப் பெஞ்சுகள். எல்லாம் வடக்கே, கடைத்தெருவைப் பார்த்தபடி.

"உனக்குக் குளிருதுன்னு ஊரையே திருப்பி வைக்கறியே" என்றார் வெங்கட்ராமன்.

"தாங்கறவங்க எங்க வேணா நின்னுப்பாங்க. தாங்காதவங்களுக்குத்தானே பெஞ்சு?"

கோலின் படத்தை வெகுநேரம் பார்த்தார். "ஊர் ஒத்துக்கொள்ளாது. நீயே வந்து பேசு" என்றார்.

ஊர்க் கூட்டத்தில் ஹோட்டல்காரர்தான் முதலில் எழுந்தார். "கடற்கரைக்கு வந்து எவனாவது தெருவைப் பார்த்து உட்காருவானா?" கூடம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "வெயில் நாட்டுக்காரிக்கு எங்கள் காற்றைப் பற்றி என்ன தெரியும்?" என்றது.

நாகலட்சுமிக்கு முகம் சிவந்தது. "எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் உறைக்கிறது" என்று மட்டும் சொன்னாள்.

அப்போது டோரீன் என்ற மீனவர் மனைவி உட்கார்ந்தபடியே பேசினார். "கடலை நான் சமையலறை ஜன்னலிலிருந்து நாள் முழுக்கப் பார்க்கிறேன். கடைத்தெருவுக்கு வருவது மனுஷர் முகம் பார்க்க. நின்று நாலு வார்த்தை பேச முடிகிறதா இந்தக் காற்றில்?"

வாக்குவாதம் நீண்டது. கடைசியில் சுவருக்குச் சம்மதித்தார்கள். ஆனால் கடல் தெரிய நடுவில் அகலமாக ஓர் இடைவெளி விட வேண்டும் என்றார்கள். அந்தச் சந்தில் காற்று இன்னும் வேகமெடுக்கும் என்று நாகலட்சுமிக்குத் தெரியும். சொன்னால் சுவரே போய்விடுமோ என்று பயந்து தலையாட்டினாள்.

திறப்பு விழாவன்று அந்த இடைவெளி வழியாகப் பாய்ந்த காற்றில் மேயரின் தொப்பி தெருவுக்குப் பறந்தது. ஓரத்துப் பெஞ்சுகளில் கூட்டம் சேர்ந்தது. நடுப் பெஞ்சுகள் அந்தக் குளிர்காலம் முழுக்கக் காலியாகக் கிடந்தன. மறுவருஷம் நகரசபை அந்த இடைவெளியில் தடித்த கண்ணாடி போட்டது. உப்பு படிந்து பாதி நாள் கடல் தெரியாது. ஆனாலும் ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

1978 ஜூனில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், நாகலட்சுமியும் கணவரும் அங்கே போனார்கள். பெஞ்சுகள் நிறைந்திருந்தன. யாருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. மேற்குக் கோடியில் மட்டும் ஒரு பெஞ்சு காலி.

"வா, உட்காரலாம்" என்றார் வெங்கட்ராமன்.

உட்கார்ந்ததும் ஏன் காலி என்று புரிந்தது. எதிரே கடைத்தெருவில் யாரோ புதிதாக மாடி எழுப்பியிருந்தார்கள். அதன் நிழல் பெஞ்சை முழுசாக மூடியிருந்தது. வடக்கே நாளைக்கு என்ன கட்டுவார்கள் என்று படம் போட்டபோது அவள் யோசிக்கவே இல்லை.

"போலாமா?" என்று கேட்டார் அவர்.

"கொஞ்சம் இருங்க" என்றாள். கோட்டை இழுத்து மூடிக்கொண்டு, அந்த நிழல் எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.