ஒற்றைக் கோட்டு வீடு

அந்த வருடம் எங்கள் வீட்டின் வரைபடத்தைப் பார்க்காத ஆள் ஓசூரில் யாராவது இருந்திருந்தால், அவர் என்னைத் தூரத்தில் கண்டதுமே சந்துக்குள் திரும்பியவராகத்தான் இருக்க வேண்டும். அப்போது எண்பதுகளின் கடைசி. மத்திகிரியில் மாட்டுப் பண்ணையைத் தாண்டி முப்பதுக்கு நாற்பதில் ஒரு மனை வாங்கியிருந்தோம். நான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். இரும்புத் தகட்டை வெட்டி, மடக்கி, மின்சாரப் பெட்டி செய்கிற பிரிவுக்குப் படம் போடுவது என் வேலை. பெட்டிக்கும் வீட்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? இரண்டுக்கும் ஆறு பக்கம், ஒரு கதவு. பிளான் போட இன்ஜினியர் எதற்கு, நானே போடுகிறேன் என்று வீட்டில் அறிவித்துவிட்டேன்.

என் மனைவி திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி ஓசூர் வந்த நாளிலிருந்து ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அதன் சமையலறை ஐந்தடி அகலம். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனால் அவள் வெளியே வந்து நிற்க வேண்டும். கம்பெனியில் மூன்று ஷிப்ட் என்றால் எங்கள் சமையலறையில் இரண்டு ஷிப்ட். ஒன்பது வருடம் இப்படி ஓட்டினோம். நான் பிளான் போட உட்கார்ந்த அன்று அவள் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி நின்று காட்டினாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அடுக்களை எட்டடி இருக்கணும். நா உள்ள நிக்கும்போது இன்னொரு ஆளும் உள்ள வந்து போகணும். அவ்ளோதான் கேக்கேன்."

"எட்டடி போட்டாச்சு," என்றேன், பென்சிலைச் சீவுவதற்கு முன்பே.

பக்கத்துக்கு மூன்றடி விட்டால் கட்டடத்துக்கு இருபத்து நான்கடி அகலம் மிஞ்சுகிறது. முன்னால் ஹால், ஒரு படுக்கையறை. பின்னால் வரிசையாகச் சாப்பாட்டு அறை பன்னிரண்டு, சமையலறை எட்டு, குளியலறை நான்கு. கூட்டிப் பார்த்தால் சரியாக இருபத்து நான்கு. ஒரு அங்குலம் வீண் போகவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கர்வத்தை அளக்க எந்த ஸ்கேலும் கிடையாது.

சாப்பாட்டு அறைக்கு ஏன் பன்னிரண்டடி என்று கேட்கலாம். மேசைக்காக. வெளிநாட்டிலிருந்து மெஷின் வந்த மரப்பெட்டிகளைக் கம்பெனியில் ஏலம் விட்டபோது ஒன்றை எடுத்து, ஆறு பேர் உட்காரும் மேசையாகச் செய்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் ஆட்கள் நான்கு பேர். மேசையோ பிரியாணிக் கடை மாதிரி. லைன் வீட்டுக்குள் நுழையாமல், பழைய தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வெளியே நின்றது.

பிளானை அமோனியா பிரிண்டில் நகல் எடுத்து உருளையில் சுருட்டிக்கொண்டு கருத்துக் கேட்கக் கிளம்பினேன். கம்பெனி பஸ்ஸில் முதல் ஷிப்டுக்குப் போகிற அரை மணி நேரமும் அது கைமாறிக்கொண்டே இருந்தது. கருத்துச் சொல்ல நம் ஆட்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

"ஏம்பா, பாத்ரூமு கதவு உள்பக்கம் தொறக்குதே, வாளிய எங்க வெப்ப?" என்றார் எங்கள் ஃபோர்மேன். அவர் மத்தூர்க்காரர். திருத்தினேன்.

"டாலரன்ஸ் போடலியே. டாலரன்ஸ் இல்லாத டிராயிங்கு டிராயிங்கா?" என்றான் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்த நண்பன். நியாயமாகப் பட்டது. எல்லா அளவுக்கும் பக்கத்தில், இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று கூட்டல் கழித்தல் அரை மில்லிமீட்டர் போட்டேன்.

பஸ் டிரைவர் சிக்னலில் நின்றபோது வாங்கிப் பார்த்தார். தலைகீழாகத்தான் பிடித்திருந்தார். "எல்லாம் சரி சார், வண்டி எங்க திரும்பும்?"

"எங்கிட்ட சைக்கிள்தாங்க இருக்குது."

"நாளைக்கு லாரி வாங்கனா?"

அந்தத் திருத்தத்தை மட்டும் செய்யவில்லை. மற்றபடி ஏ, பி, சி என்று பதினொரு திருத்தம். ஒவ்வொன்றுக்கும் மூலையில் கட்டம் கட்டிக் கையெழுத்தும் வாங்கினேன். ஃபோர்மேன், இன்ஸ்பெக்‌ஷன் நண்பன், வெல்டிங்கில் ஒருவர், பெயின்ட் அடிக்கிற பிரிவில் இருவர், பிரஸ் மெஷின் ஆட்கள் ஆறு பேர். அத்தனை பேரும் தகட்டுக்காரர்கள். என் மனைவியிடமும் ஒவ்வொரு முறையும் காட்டினேன். அவள் கட்டங்களைப் பார்ப்பாள், என் முகத்தைப் பார்ப்பாள், "எட்டடி இருக்குல்லா?" என்று மட்டும் கேட்பாள். இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டுவேன். அந்த இடத்தில் எட்டு என்று அழகாக எழுதியும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பூமி பூஜை என்று நாள் குறித்தோம். முந்தின நாள் முதல் ஷிப்ட் முடிந்ததும் மனைக்கு ஓடினேன். கெலமங்கலத்திலிருந்து வந்த மேஸ்திரி முளை அடித்து, நூல் கட்டி, சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், முடியாது என்று சொல்ல மட்டும் கன்னடம் என்று வைத்திருந்த மனிதர். முன்பக்கம் ஹாலும் படுக்கையறையும் முடிந்து, பின்பக்க வரிசைக்கு வந்திருந்தார். கையில் என் பிரிண்ட்.

"ஏமி சார் இது? அரை மில்லின்னா எவ்ளோ?"

கட்டைவிரல் நகத்தைக் காட்டி, இதன் தடிமன் அளவு என்றேன். அவர் தன் நகத்தைப் பார்த்தார். அதில் காய்ந்த சிமென்டே அரை மில்லிக்கு மேல் இருந்தது. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. அப்புறம் குனிந்து ஒரு செங்கல்லை எடுத்து, சாப்பாட்டு அறைக் கோட்டின் மேல் குறுக்காக வைத்தார்.

"செவுரு எங்க சார்?"

"இதோ, கோடு."

"கோடு செரி. செவுரு?"

செங்கல்லைப் பார்த்தேன். ஒன்பது அங்குலம். கோட்டின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, ஒரு காலை சாப்பாட்டு அறையிலும் ஒரு காலை சமையலறையிலும் வைத்து உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு வருடமாக நான் போட்ட படங்களில் சுவர் என்றால் ஒன்றரை மில்லித் தகடு. கோட்டின் தடிமனே சுவரின் தடிமன். என் வீட்டையும் அப்படியே போட்டிருக்கிறேன். பதினொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வாளி வைக்க இடம் தேடினார்கள், லாரி திரும்ப இடம் தேடினார்கள். சுவருக்கு இடம் எங்கே என்று ஒரு தகட்டுக்காரனுக்குக்கூடத் தோன்றவில்லை.

"நாலு செவுரு சார் அகலத்துல. முக்கா அடி முக்கா அடியா மூணு அடி போச்சு," என்று மேஸ்திரி கோடுகளை இரட்டையாக்க ஆரம்பித்தார். ஒரு ஓரத்திலிருந்து சாப்பாட்டு அறைக்குப் பன்னிரண்டு. மறு ஓரத்திலிருந்து குளியலறைக்கு நான்கு. நடுவில் மிஞ்சியதை டேப் வைத்து அளந்தார். நானும் குனிந்து பார்த்தேன். ஐந்தடி.

ஒன்பது வருடம் வாடகைக்கு இருந்த சமையலறையை அப்படியே பெயர்த்து வந்து சொந்த மனையில் வைத்திருக்கிறேன்! அரை மணி நேரத்தில் மனைவி வந்துவிடுவாள். என் முகம் சுண்ணாம்பைவிட வெளுத்துப்போயிருக்க வேண்டும்.

"உள் செவுத்த அரைக்கல்லுல கட்டலாமா?"

"கட்டலாம். முக்கா அடி கெடைக்கும்."

"வெளிச் செவுத்தக் கொஞ்சம் பக்கத்து மனைக்குள்ள..."

"ஆகல்ல சார், ஆகல்ல!"

"தகட்டுல செவுரு வெச்சா?" இதைக் கேட்டவன் நான்தான். ஒத்துக்கொள்கிறேன். மேஸ்திரி பீடி பற்றவைத்தார்.

சாப்பாட்டு அறையில் மூன்றடியைக் குறைக்கலாம். குறைத்தால் மேசையைச் சுற்றி நாற்காலி இழுக்க முடியாது. ஆறு பேரும் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து போய்த்தான் உட்கார வேண்டும். அந்த நிலையிலும் மேசையை விட எனக்கு மனசு வரவில்லை என்பதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. பயம் வந்தால் சிலருக்கு சாமி ஞாபகம் வரும். எனக்குத் திருட்டுத்தனம்தான் வரும்.

"மேஸ்திரி, ஒரு ஒதவி. பின்னாடி வரிசையில மட்டும் இன்னைக்கு ஒத்தைக் கோடா போட்டு எட்டடி காமிச்சிடுங்க. வூட்டுல வந்து பாத்துட்டு சந்தோசமா போவட்டும். பூசை முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம்னா? செவுரு எழும்பினா அம்மா பாக்க மாட்டாங்களா?"

"அப்ப பாத்துக்கலாம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இந்த மாதிரி வீட்டுக்காரர்களைப் பலரைப் பார்த்திருக்கிறேன் என்ற களைப்பு இருந்தது. பீடியை அணைத்துவிட்டு இரட்டைக் கோடுகளைக் காலால் கலைத்தார். ஒற்றைக் கோட்டில் என் எட்டடி மறுபடி பிறந்தது.

அவள் பூஜைச் சாமான் பையோடு நடந்தே வந்தாள். வாசல் என்று போட்டிருந்த இடைவெளியில் செருப்பைக் கழற்றினாள். கோட்டை மிதிக்காமல், கதவு இருக்கும் இடம் வழியாகவே உள்ளே வந்தாள். ஹாலில் நின்று சுற்றிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. பதினொரு காகிதத்திலும் அவளுக்குத் தெரியாத வீடு தரையில் தெரிந்துவிட்டது.

"இது ஹாலு. இது நம்ம ரூமு. என்னங்க, நெசமாவே பெருசாத்தான் இருக்கு!"

"பின்ன?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

சமையலறைக்குப் போய் இரண்டு கையையும் நீட்டினாள். எதிலும் முட்டவில்லை. முட்டுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். அவள் கையை இறக்கி, மேஸ்திரி முன்னமே இரட்டையாகப் போட்டிருந்த முன்பக்கக் கோடுகளைப் பார்த்தாள். பின்பக்கக் கோடுகளைப் பார்த்தாள்.

"ஏங்க, அங்கல்லாம் செவுரு தண்டியா இருக்கு, இங்க மட்டும் ஏன் ஒல்லியா இருக்கு?"

மேஸ்திரி சட்டென்று திரும்பிக்கொண்டு, தண்ணீர்க் குடத்தை மிக அக்கறையாக ஆராய்ந்தார். நான் மூன்று பொய்களைத் தயார் செய்தேன். மூன்றும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து சிக்கிக்கொண்டன. கடைசியில் உண்மைதான் வந்தது. தகடு, ஒன்றரை மில்லி, நாலு சுவர், மூன்றடி, மேசை என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கீழே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பதினோரு பேருட்ட கையெழுத்து வாங்குனீங்களே! ஒருத்தருக்குமா வீட்டுக்குச் செவுரு உண்டுன்னு தெரியல?"

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சாப்பாட்டு அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த கோட்டருகே போனாள். இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள்.

"இந்தச் செவுரு எதுக்கு?"

"அதுவா? இந்தப் பக்கம் சமைக்க, அந்தப் பக்கம் சாப்பிட."

"செவுரு எடத்தத் திங்குதுன்னா செவுத்தையே எடுத்துட்டாப் போச்சு." பாதத்தால் ஒரே இழுப்பில் கோட்டை அழித்தாள். "மேஸ்திரி அண்ணே, இது இல்லாம வீடு நிக்குமா?"

அவர் குடத்தை வைத்துவிட்டு உற்சாகமாக ஓடி வந்தார். "மேல ஒரு பீம் போட்டா போதும்மா. நல்லா நிக்கும். ஒரு செவுரு வேலையும் கம்மி." டேப்பை இழுத்தார். பதினேழே முக்கால் அடி.

"மேசை?" என்றேன். எவ்வளவு கேவலம் பாருங்கள், முதலில் அதைத்தான் கேட்டேன்.

"அது நடுவுல கெடக்கட்டும். நா காய் நறுக்குவேன், பிள்ளைங்க எழுதட்டும். சாப்பாடு என்னைக்கும் போலத் தரையிலதான். அதுல ஏறி உக்காந்து யாரு சாப்பிடுதா?"

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. பதினொரு திருத்தத்துக்கும் வாயைத் திறக்காதவள் அடுப்பை இந்தப் பக்கம் வைக்கச் சொன்னாள். கிழக்கே ஜன்னல் வேண்டும், புகை போகணும் என்றாள். பின்கதவை இரண்டடி தள்ளினாள். அலமாரிக்குச் சுவரில் குழி கேட்டாள். அவள் சொல்லச் சொல்ல நானும் மேஸ்திரியும் சுண்ணாம்புத் தட்டோடு இருபக்கமும் ஓடினோம். அழித்தோம், போட்டோம், மறுபடி அழித்தோம். என் பேன்ட், கை, மீசை எல்லாம் வெள்ளை. இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் படமும் போட்டதில்லை.

கடைசியில் அவள் அடுப்பு இருக்கும் இடத்தில் நின்று, இல்லாத சட்டியைக் கிண்டினாள். எனக்குத் தாகம். மேசை வரப்போகும் இடத்தைச் சுற்றிக்கொண்டு, அடுப்புப் பக்கம் இருந்த குடத்துக்குப் போனேன். அவள் பழக்கதோஷத்தில் வெளியே போக ஒரு அடி எடுத்து வைத்தாள். வைத்த காலைத் தூக்கிப் பார்த்தாள். திரும்ப அடுப்புக்கே போய் நின்றுகொண்டாள்.