குருத்துக்குள் இருந்த இலைகள்

மலேசியாவில் ஈப்போவை அடுத்த சிலிபினில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் புனிதாவின் குரல் வேனுக்கு முன்னால் வந்துவிடும். "ஏய், சப்பாத்த மாட்டிக்கிட்டு ஓடியா லா! ஒனக்காக வேன் நிக்குமா?" என்று ஒரு வாசலில் அவள் போடும் சத்தத்தில், அடுத்த தெருப் பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். ஐம்பத்து மூன்று வயது. கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு. வாய்க்குப் பூட்டு கிடையாது. ஆனால் அதே வாய், வீட்டுக்கு வந்து பக்கவாட்டுக் கதவைத் திறந்ததும் தானாக அடங்கிப்போகும். அங்கேதான் அவளுடைய செடிகள் இருந்தன.

வரிசை வீடுகளில் கடைசி வீடு என்பதால் பக்கத்தில் கொஞ்சம் நிலம் சேர்ந்து கிடைத்தது. அந்தக் கொஞ்சத்துக்குள் அவள் என்னென்ன நுழைத்திருந்தாள் என்கிறீர்கள்! சிவப்புத் தண்டுப் பாக்கு, ஆள் உயரத்துக்கு விரிந்த விசிறிவாழை, யானைக் காது மாதிரி இலை விட்ட கெலாடிச் சேம்பு, ஒரு குட்டைத் தென்னை, இரண்டு வாழைக் கன்று. "எனக்குச் செருப்பு கழட்ட எடமில்ல, இந்தம்மாவுக்குக் காடு வேணுமாம்," என்று அவள் புருஷன் கனகராஜ் சொல்லுவார். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். சொல்லிவிட்டு அவரே வாளியில் தண்ணீர் பிடிப்பார்.

இத்தனைக்கும் புனிதாவுக்கு ஒரு காலத்தில் மரம் என்றாலே ஆகாது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அங்கே மரம் என்றால் வேலை, அவ்வளவுதான். அப்பாவும் அம்மாவும் விடியுமுன் பால் வெட்டப் போவார்கள். நிமிர்ந்து பார்த்து, 'மரம் அழகா இருக்கு' என்று சொன்ன ஒரு ஆளை அவள் கண்டதில்லை. தோட்டம் கைமாறி, ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, குடும்பம் சிலிபினுக்குக் குடி மாறியபோது, இனி ஒரு மரத்து முகத்தில் முழிக்கக்கூடாது என்றுதான் அவள் வந்தாள்.

அவளைக் கெடுத்தது ஒரு டயர். பல வருடங்களுக்கு முன், பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, சாலையோரத்து நாற்றுக்கடை ஒன்றின் முன்னால் வேன் பஞ்சர் ஆனது. நிழலுக்கு ஒதுங்கினாள். தலைக்கு மேலே பச்சையாகக் கூரை. யாரோ தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக் கையை நீட்டித் தொட்டாள். இலை! ஒரே ஒரு இலை. கிழிசல் இல்லை, பிரிவு இல்லை, மேலும் கீழும் கூராக, மடிப்பு மடிப்பாக, அவளையும் இன்னொரு ஆளையும் மூடிவிடுகிற அளவுக்கு ஒற்றை இலை. தண்டு என்று ஒன்றும் கிடையாது. மண்ணிலிருந்து நேராகப் புறப்பட்டு நின்றது.

"அடி ஆத்தே!" என்றாள்.

கடைக்கார மலாய்ப் பெரியவர் சிரித்தார். டாவுன் பாயோங், குடை இலை, பனைச் சாதிதான் என்றார். விதை போட்டு முளைக்கவே மாதக்கணக்காகும், வருடத்துக்கு இரண்டு இலை விட்டால் பெரிய காரியம், பிடுங்கி நட்டால் பொறுக்காது, அவசரக்காரர்களுக்கு இது ஆகாது என்றும் சொன்னார். பேராக் முழுக்கத் தேடினாலும் புனிதாவைப் போல ஒரு அவசரக்காரி கிடைக்கமாட்டாள். அவள் உள்ளங்கை அளவு இலையோடு ஒரு கன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

பன்னிரண்டு வருடம். நிழல் வேண்டும் என்று கறுப்பு வலை கட்டினாள், காற்று ஆகாது என்று தகரம் அடைத்தாள். கன்று மெல்ல மெல்லப் பெருத்தது. ஒவ்வொரு குருத்தும் விசிறியை மடக்கிச் செருகி வைத்ததுபோல நடுவிலிருந்து நிமிரும். வாரக்கணக்கில் சும்மா நிற்கும். பிறகு ஒருநாள் மடிப்பைத் தளர்த்தும். அந்த நாளில் வேனுக்குத் தாமதமாகிவிடும். பெற்றவர்கள் கேட்டால், "டிராஃபிக்கு" என்பாள்.

அந்த ஆவணியில் அவள் தம்பி இராமசாமியின் மகள் தினேஸ்வரிக்குக் கல்யாணம். இராமசாமி வார நாளில் பஸ் பட்டறையில் மெக்கானிக். சனி, ஞாயிறில் தோரணக்காரன். சிலிபினில் எந்தக் கல்யாணம், எந்தத் திருவிழா என்றாலும் குருத்தோலையில் கிளியும் பூவும் பின்னித் தொங்கவிட அவன்தான் வரவேண்டும். சொந்த மகள் கல்யாணம் என்றால் விடுவானா? ஆனால் முதல்நாள் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த ஓலைக்கட்டு மழையில் நனைந்து, வெந்துபோய்ப் பழுப்பாக வந்து இறங்கியது. பதறிப்போய் அக்காவுக்குப் போன் போட்டான்.

"என் வீட்ல இல்லாத ஓலயா? போய் வேணுங்கிறத வெட்டிக்க லா. நான் வேன்ல இருக்கேன்," என்றாள் புனிதா. மனதில் அந்தக் குட்டைத் தென்னைதான் இருந்தது. அதைச் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோரணத்துக்குத் தென்னையைத் தவிர வேறெதை வெட்டுவார்கள்?

மறுநாள் காலை பட்டுச்சேலையும் சீர்த்தட்டுமாக மண்டப வாசலில் வந்து நின்றவள், ஏன் எல்லாரும் அண்ணாந்து படம் எடுக்கிறார்கள் என்று தானும் அண்ணாந்து பார்த்தாள். வாசல் வளைவின் நடுவில், வெளிச்சமே படாத இளமஞ்சள் நிறத்தில், மடிப்புக் குலையாமல் தொங்கியது அவளுடைய குடை இலையின் குருத்து.

இராமசாமி ஓடி வந்தான். முகமெல்லாம் பல். "அக்கா, பாத்தியா? ஒன் வீட்டு ஓலதான்! ஒரே ஓல அக்கா! இத்தன வருசத்துல இந்த மாதிரி ஒண்ண நான் தொட்டதே இல்ல. கத்தி வைக்கவே மனசு வரல. என் பொண்ணுக்குன்னே வளந்த மாதிரி இருக்கு."

உள்ளே நாதஸ்வரம். மணவறையில் அவள் தூக்கி வளர்த்த தினேஸ்வரி, "அத்தை!" என்று கையசைத்தாள். நல்ல காரியத்தில் அத்தைக்காரி வாயைத் திறந்து சாபம் விடலாமா? புனிதா தட்டை இறுகப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒன்று மட்டும் அவளால் மறுக்க முடியவில்லை. செத்துத் தொங்கும்போதும் அது அத்தனை அழகாக இருந்தது.

சாப்பிடாமல் வீட்டுக்கு வந்து, பட்டுச்சேலையோடு மண்ணில் உட்கார்ந்து பார்த்தாள். பழைய இலைகள் அப்படியே நின்றன. நடுவில் மட்டும், மண்ணை ஒட்டி, பாராங் கத்தியின் ஒரே வீச்சு. நீளம் வேண்டும் என்று அடியோடு வெட்டியிருந்தான்.

மறுநாள் மிச்சப் பலகாரத்தோடு வந்தவனை அவள் வாசலிலேயே நிறுத்தினாள். "ஒன் பொண்ணு கழுத்துல தாலி ஏறுறவரைக்கும் வாய மூடிக்கிட்டு இருந்தேன்டா. இப்பக் கேளு," என்று ஆரம்பித்தவள் தெருவே கேட்கும்படி கேட்டாள்.

இராமசாமி திகைத்துப்போனான். "குருத்துதானே அக்கா? தென்னைல எத்தன வெட்டியிருக்கேன். அடுத்தது வந்துரும்ல?"

"இது தென்னயாடா? வருசத்துக்கு ரெண்டு எல! நடு நெஞ்சுல வெட்டியிருக்க. இது செத்துச்சுன்னா என் மூஞ்சில முழிக்காத!"

"நீதான அக்கா வேணுங்கிறத வெட்டிக்கன்னு சொன்ன?" என்றான் அவன், மெதுவாக.

அது உண்மை. உண்மை என்பதால் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. கதவைச் சாத்தினாள். அந்த வருடத் தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குத் தம்பி வரவில்லை. தம்பி வீட்டுக்கு அக்கா போகவில்லை. இராமசாமி கத்தியைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டான் என்றும், தோரணம் கேட்டு வருகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுகிறான் என்றும் தினேஸ்வரி போனில் சொன்னாள். "அதுக்கு நான் என்ன பண்ண?" என்றாள் புனிதா.

நாற்றுக்கடைப் பெரியவர் நேரில் வந்து குனிந்து பார்த்தார். இதன் உயிர் மண்ணுக்கடியில் இருக்கிறது, கத்தி அதைத் தொடாமல் இருந்தால் வரும், வெட்டில் மழைத்தண்ணீர் தேங்கி அழுகினால் போய்விடும், இனி உன் கையில் ஒன்றுமில்லை, காத்திரு என்றார்.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. ஈப்போ மழை உங்களுக்குத் தெரியாவிட்டால் கேளுங்கள்: மதியத்தில் மலை மறைந்தால், அடுத்த நிமிடம் தெரு ஆறு. புனிதா அபுபக்கர் பாயின் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஒரு பெரிய பழைய குடையைக் கேட்டு வாங்கி வந்து, செடியின் நடுவில் ஊன்றினாள். "குடை எலைக்கே குடையா?" என்றார் கனகராஜ். அவள் முறைத்த முறையில், காற்றடித்தபோது அவரே போய்க் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்துத் திரும்பி வந்த பிற்பகல், கால் கழுவ வந்தவள் குனிந்தாள். காய்ந்த வெட்டின் நடுவிலிருந்து ஒரு விரல் அளவு பச்சை.

அவள் கத்தவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, அழுதாள்.

அது வாரக்கணக்கில் வளர்ந்து, இடுப்புயரம் வந்து, ஒருநாள் காலையில் விரிந்தது. விரிந்த இலையைப் பார்த்து அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். பாதி இலைதான் இருந்தது. மேல்பாதி கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல நேர்கோடாக முடிந்திருந்தது. புழு கடிக்கவில்லை, காய்ந்து உதிரவில்லை. வெட்டு!

இதை யார் வெட்டியது? இது பிறந்தே ஒரு மாதம்தானே?

நின்று நின்று பார்த்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது. வெட்டிய அன்றைக்கே இது உள்ளே இருந்திருக்கிறது. அந்தப் பெரிய குருத்தின் மடிப்புக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாமல், சுருண்டு படுத்து முறை வரட்டும் என்று இருந்திருக்கிறது. அதற்குள்ளே இன்னொன்று. அதற்கும் உள்ளே இன்னொன்று. வருகிற வருடத்து இலை, அதற்கடுத்த வருடத்து இலை, எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாகத் தயாராக இருந்திருக்கின்றன. கத்தி அத்தனையையும் ஒரே வீச்சில் கடந்து போயிருக்கிறது. சாமி சந்நிதியில் நிற்பதுபோல அவள் கைகள் தாமாகக் குவிந்தன.

இதைத் தனியாகப் பார்க்க முடியவில்லை அவளால். போனை எடுத்தாள். "டேய் சாமி. வாடா. வந்து இதப் பாரு," என்றாள். கல்யாணத்துக்கு மறுநாள் சாத்திய கதவு அப்படித்தான் திறந்தது.

இராமசாமி பட்டறை எண்ணெய்க் கையோடு வந்தான். அவள் சொல்லச் சொல்ல அந்த நேர்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் கை வெட்டு அவனுக்குத் தெரியாதா? முகம் செத்துப்போயிற்று. "அக்கா, உள்ள இன்னும் எத்தன எலைல என் கத்தி இருக்கு?"

"யாருக்குடா தெரியும்? வரும்போது பாப்போம்."

அடுத்த இலை அந்த வருடக் கடைசியில் வந்தது. முக்கால் இலை, அதிலும் அதே கோடு, கொஞ்சம் மேலே. அதற்கடுத்ததில் ஒரு சாண் மட்டும் குறைந்திருந்தது. ஒவ்வொன்று விரியும்போதும் புனிதா கூப்பிடுவாள், அவன் வருவான், கோட்டைப் பார்ப்பான், டீயைக் குடித்துவிட்டுப் போவான். அக்கா மன்னித்துவிட்டாள், அது ஊருக்கே தெரியும். அவன்தான் தன்னை விடவில்லை. யார் வீட்டுத் தோரணத்துக்கும் அவன் போகவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு. நான்காவது குருத்து விரிந்திருந்தது. புனிதா போனில் ஒன்றும் சொல்லவில்லை. "சாப்பிட வா" என்று மட்டும் கூப்பிட்டாள்.

வந்தவன் பழக்கத்தில் நேரே செடியிடம் போனான். அண்ணாந்து பார்த்தான். இலை அவன் தலைக்கு மேல் போயிருந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினான். இடப்பக்க ஓரத்தில் விரலை வைத்து மெல்ல மேலே கொண்டுபோனான். நுனிக்கு வந்தது விரல். நின்றது. கூர் நுனி. மறுபடியும் வலப்பக்கத்திலிருந்து தடவிக்கொண்டு வந்தான். மறுபடியும் அதே கூர் நுனி. மடிப்பைப் பிரித்துப் பார்த்தான், அடியில் குனிந்து பார்த்தான். தேடினான், தேடினான், கோடு கிடைக்கவில்லை. இந்த இலை கத்திக்குப் பிறகு உண்டானது. வெட்டுப்பட்டு, எல்லாரும் செத்துவிடும் என்று பயந்துகொண்டிருந்த அந்த நாட்களில், மண்ணுக்கடியில் இதைத் தொடங்கியிருக்கிறது அந்தச் செடி.

நாற்காலியில் நின்றபடியே அவன் திரும்பினான். ஐம்பதை நெருங்கும் ஆளின் உதடு சின்னப் பையன் மாதிரி கோணியது.

"அக்கா," என்றான். "இதுல நான் இல்ல."

"இல்லடா சாமி," என்றாள் புனிதா. "எறங்கி வா. சோறு ஆறுது."