பூசைக்கு வைத்த முதலாம் பாகம்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நான் படிப்பித்த தனியார் கல்வி நிலையத்தின் அலுவலகத்தில் ஒரு பெண் இருந்தார். பெரிய கண்ணாடி, எண்ணெய் காணாத சுருள்முடி, கையில் எப்போதும் செங்கல் மாதிரி ஒரு புத்தகம். டிராகன்களும் ராணிகளும் சண்டைபோடும், பல பாகங்களாக நீளும் மாயக்கதை அது. யார் வந்து பேசினாலும் அதை மூடமாட்டார். பக்கத்துக்குள் ஒரு விரலை விட்டுக்கொண்டே பதில் சொல்வார்.

சரஸ்வதி பூசையன்று நாங்கள் படத்துக்கு முன்னால் பாடப் புத்தகங்களை அடுக்கினோம். அவர் அந்தக் கதையின் முதலாம் பாகத்தைக் கொண்டுவந்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

பௌதிகவியல் ஆசிரியருக்குப் பொறுக்கவில்லை. “பிள்ளை, உந்தப் புத்தகத்தை எடும். உந்தப் பொய்க் கதையளைப் பூசைக்கு வைக்கிறதோ?”

“நீங்கள் வாசிச்சனீங்களோ, சேர்?”

“டிராகன் பறக்கிற கதையை நான் ஏன் வாசிக்க வேணும்?”

“படத்திலை அவ அன்னத்திலை இருக்கிறா, கும்பிடுறியள். என்ரை ராணி டிராகனிலை போனால் மட்டும் பொய்யோ? நான் எடுக்கமாட்டன்.”

யாரோ அவசரமாகக் கற்பூரத்தைக் கொளுத்தினார்கள். புத்தகம் அங்கேயே இருந்தது.

பூசைக்கு வைத்தால் மறுநாள்வரை எதையும் வாசிக்கக் கூடாது என்பது வழக்கம். நான் பூசைக்குப் படைத்த கடலையோடு அலுவலகத்துக்குப் போனபோது அவர் ஐந்தாம் பாகத்தில் மூழ்கியிருந்தார்.

“இண்டைக்கு வாசிக்கக் கூடாதெல்லே?” என்றேன்.

விரலைப் பக்கத்துக்குள் விட்டபடி நிமிர்ந்தார். “கோட்டையைச் சுத்தி வளைச்சிட்டாங்கள். இதிலை விட்டுட்டு எப்பிடி நித்திரை கொள்ளுறது? சரஸ்வதிக்கு முதலாம் பாகம் குடுத்திருக்கிறன். அவவும் வாசிக்கட்டும்.”

மறுநாள் எங்கள் புத்தகங்களை எடுக்கப் போனேன். மேலே இருந்த முதலாம் பாகத்தைத் தூக்க எனக்குக் கை வரவில்லை. வாசித்துக்கொண்டிருப்பவரிடமிருந்து பிடுங்குவது போல இருந்தது.