சல்லி குடுத்து ரோட்டுல போறதா?

என் கணவர் கஞ்சன் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். நானே சொல்லிச் சொல்லிப் பரப்பியதுதான். கற்பிட்டியிலிருந்து கொழும்புக்குப் போகும்போது, கட்டுநாயக்கவில் காசு கட்டிப் போகும் ஹைவேக்குத் திரும்பும் இடம் வந்தால் அவர் முகம் இறுகிவிடும். "சல்லி குடுத்து ரோட்டுல போறதா? இந்த ரோட்டுக்கு என்ன குறை?" என்று பழைய பாதையையே பிடிப்பார். பிறகு ஜா-எல, வத்தளை என்று சந்திக்குச் சந்தி பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு கிடப்போம்.

சும்மா பயணமென்றால் பரவாயில்லை. போன வருடம் ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக்குப் போனபோதும் இதே கதைதான். வத்தளையில் மாட்டி, நான் மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சேர்ந்தபோது என் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். சம்பளம் என்று சொல்லவே கூச்சமான ஒரு தொகைக்குப் பல வருடங்களாகப் பாலர் வகுப்பில் படிப்பிக்கிறவள் நான். 

இந்த வருடம் மறுபடி அழைப்பு வந்தது. வயதெல்லையைப் பார்த்தால் எனக்கு இதுதான் கடைசித் தடவை. முதல் நாளே சொல்லிவிட்டேன்.

"இந்த முறை ஹைவேயாலதான் போறோம். சல்லி நான் குடுக்கிறன். ஏலாட்டி இப்பவே சொல்லுங்க, நான் பஸ்ஸுல போறன்."

"ஹா, ஹா, போவம்," என்று தலையாட்டினார். அந்த 'ஹா'வில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை.

விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு கிளம்பினோம். பாலாவியில் பொலிஸ் மறித்தது. வழக்கம்போல் இவரே காரைவிட்டு இறங்கிப் போய் லைசன்ஸைக் காட்டிவிட்டு வந்தார். பொலிஸுக்கு என்ன மரியாதை என்று எப்போதும்போல் நினைத்துக்கொண்டேன். நீர்கொழும்பும் தாண்டினோம். கட்டுநாயக்கவில், நான் பயந்தபடியே, கார் பழைய பாதையில் போகப் பார்த்தது.

"திருப்புங்க."

"புள்ள, சொல்றதக் கேளு..."

"திருப்புங்க!"

திருப்பினார். டிக்கட் கொடுக்கும் கேட் தெரிந்ததும் வேகம் குறைந்தது. ஏசி போட்டிருந்தும் அவர் நெற்றி வியர்த்திருந்தது.

"இந்தக் கண்ணாடி இறங்காது," என்றார்.

"எந்தக் கண்ணாடி?"

"எண்ட பக்கத்துக் கண்ணாடி. உப்புக் காத்துல மோட்டர் போயிட்டு. ரெண்டு தரம் செஞ்சும் சரிவரல்ல. தூக்கி இறுக்கி வெச்சிட்டன். டிக்கட் எடுக்கிறதெண்டா கதவத் தொறக்கணும். பின்னால நிக்கிறவன் ஹோன் அடிப்பான். எல்லாரும் பாப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. பொலிஸுக்குக் காட்டிய மரியாதையும் அப்போதுதான் விளங்கியது. கஞ்சன் என்ற பெயரை இத்தனை காலம் சிரித்துக்கொண்டே சுமந்த மனிதருக்கு, ஓட்டைக் கார் ஓட்டுகிறவர் என்ற பெயரைச் சுமக்க முடியவில்லை. அதற்காக என்னுடைய ஒரு வருடம் போயிருக்கிறது.

கேட்டில் கார் நின்றதும் நான் இறங்கிவிட்டேன். அபாயாவைக் கையில் பிடித்துக்கொண்டு காரின் முன்பக்கத்தால் சுற்றி அந்தப் பக்கம் போனேன். இங்கே இறங்கக் கூடாது என்று டிக்கட் கூண்டுக்குள் இருந்தவர் சிங்களத்தில் பதறினார். எங்கள் கண்ணாடி இறங்காது என்று நானும் சிங்களத்திலேயே, பின்னால் நின்ற வேனுக்கும் கேட்கும்படி சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே டிக்கட்டை நீட்டினார். வெளியேறும் கேட்டிலும் நான்தான் இறங்கிச் சுற்றிப்போய்க் காசைக் கட்டினேன். இவர் ஸ்டியரிங்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நேர்முகப் பரீட்சையில் பெயரைக் கூப்பிட்டபோது நான் வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். கேட்ட எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னேன். முடிவு அன்றைக்கே தெரியாது. ஆனால் என் பெயருக்கு நான் எழும்பி நின்றுவிட்டேன்.

வெளியே இவர் வெயிலில் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க. நான் இருந்தன்."

நிலத்தைப் பார்த்தபடி, "போன வருஷமே சொல்லியிருக்கணும்," என்றார். ஓம், சொல்லியிருக்கத்தான் வேண்டும்.

திரும்பிப் போக அவசரமே இல்லை. பழைய பாதையால் போயிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். அவர் தானாகவே ஹைவேக்குத் திருப்பினார். கேட்டில் கதவை அகலத் திறந்து, ஒரு காலை வெளியே ஊன்றி, டிக்கட்டுக்குக் கையை நீட்டினார். பின்னால் ஒரு கார் விடாமல் ஹோன் அடித்தது. நான் திரும்பிப் பார்த்தேன்.

"அடிக்கட்டும்," என்றார்.