தலைவர் நனையவில்லை

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா ரப்பர் வெட்டப் போகிறவர். கையெழுத்து கேட்டால் பெருவிரலை நீட்டுகிறவர். பாறசாலையிலிருந்து தமிழக எல்லைக்குப் போகும் சாலையில் உள்ள ஃப்ளெக்ஸ் கடையில் தமிழையும் மலையாளத்தையும் பிழையில்லாமல் அடிக்கத் தெரிந்த ஒரே ஆளும் நான்தான். படத்தில் பெரிய மனிதர்களின் பல்லை வெளுப்பாக்கவும் கன்னத்துக் கரும்புள்ளியை நீக்கவும் என் பட்டம் தினமும் பயன்படுகிறது.

கடைக்கு எதிரே, பூட்டிக் கிடக்கும் கட்டடத்தின் மதிலோரம் இரண்டு சகோதரிகள் தங்கியிருந்தார்கள். பெரியவளுக்குப் பத்து வயது இருக்கும், சின்னவளுக்கு நான்கு. ரயிலேறிப் போன தாய் திரும்பி வரவில்லை. அதிகாரிகள் ஒருமுறை வந்து, வயதுக்கொரு இல்லம் என்று இருவரையும் பிரிக்கப் பார்த்தார்கள். பெரியவள் தங்கையைத் தூக்கிக்கொண்டு மதிலோரத்துக்கே ஓடி வந்துவிட்டாள். அரசாங்கக் கோப்பில் இருவரும் இப்போதும் பத்திரமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இவர்களால் எங்கள் ஊரில் புண்ணியத்துக்குத் தட்டுப்பாடே கிடையாது. பிறந்தநாளோ கல்யாண நாளோ, யாராவது சோற்றுப் பொதியோடு வந்துவிடுவார்கள். பொதி கைக்கு வருமுன் படம் எடுத்தாக வேண்டும். ஒருநாள் நான் சின்னவளுக்குத் தலைசீவி ரிப்பன் கட்டிவிட்டிருந்தேன். வந்தவர்கள் அதை அவிழ்க்கச் சொன்னார்கள். படத்தில் பசி தெரியவில்லையாம்.

எல்லாரிலும் தாராளமானவர் ஒரு நற்பணி மன்றத் தலைவர். அவருடைய அன்னதானத்தில் சோற்றுப் பானையைவிட ஃப்ளெக்ஸ் பெரிதாக இருக்கும். ஒருமுறை விழா முடிந்ததும் பெரியவள் அதை அவிழ்த்து, மதிலுக்கும் இரண்டு கம்புகளுக்குமாக இழுத்துக் கட்டிக் கூரையாக்கினாள். தலைவர் முகம் வானத்தைப் பார்த்துச் சிரித்தது. அதன்மேல் ஒரு காக்கை தன் கருத்தைத் தெரிவித்துவிட்டுப் போனது. தலைவருக்கு அது பெரிய அவமரியாதையாகிவிட்டது. ஆள் விட்டு ஃப்ளெக்ஸை அவிழ்த்துக்கொண்டு போனார். மழைக்காலம் தொடங்கியிருந்தது. மறுநாள் சின்னவள் காய்ச்சலில் கிடந்தாள்.

அடுத்த அன்னதானம் முடிந்ததும் பெரியவள் அந்த ஃப்ளெக்ஸையும் எடுத்துக் கட்டினாள். சில நாள் கழித்து அவ்வழியே போன தலைவர் வண்டியை நிறுத்தினார். மதிலோரம் தெரிந்தது வெறும் வெள்ளைக் கூரை. என்னைக் கடையிலிருந்து கூப்பிட்டு, நான் அச்சடித்தது ஒரு மழைக்கே அழிந்துவிட்டதா என்று கேட்டார். என் வேலையைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. நானும் சாலையைக் கடந்து போனேன்.

"எட்டி, எனக்க படம் எங்க?" என்றார் தலைவர்.

பெரியவள் கூரைக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள். "உள்ள உண்டு சாறே. திருப்பிக் கெட்டினது ஒங்களுக்காக்கும். வெளிய கெடந்தா நனைஞ்சு போவீங்க. காக்கா வேற."

தலைவர் வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்து உள்ளே பார்த்தார். துளி ஈரமில்லாமல், பல் வெளுத்து, அவரே மேலிருந்து அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். படுத்திருந்த சின்னவள், "மாமன் ராத்திரியும் சிரிச்சோண்டு இருப்பாரு" என்றாள்.

அவர் உடனே நிமிரவில்லை. தன் முகத்தைப் பார்த்தபடி யாராவது உறங்குவார்கள் என்று வீட்டில்கூட அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். "கெடக்கட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியேறினார்.

மறுவாரம் புதிய ஃப்ளெக்ஸுக்காகக் கடைக்கு வந்தார். பெயருக்குக் கீழே 'வீடற்றோருக்குக் கூரை தந்த வள்ளல்' என்று சேர்க்கச் சொன்னார். இரண்டு மொழியிலும் பிழையில்லாமல் அடித்தேன். இவ்வளவு பெரிய பட்டம் வழக்கமான அளவுக்குள் அடங்காது, நீளத்திலும் அகலத்திலும் கூட்ட வேண்டும் என்றேன். நியாயம்தான் என்றார். எவ்வளவு கூட்டுவது என்பதை எதிர் மதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். பழைய கூரை எட்டாத ஓரத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது.