நோட்டின் பின்பக்கம்

போன வருடம் ஐப்பசி மாதம், பதுளையில் என் வீட்டில் நடந்தது இது. விடாத மழை.

ஸ்கொட்லாந்தில் அந்தக் காலத்திலிருந்தே தனியார் வங்கிகளும் தங்கள் பெயரில் நோட்டு அச்சிட்டு வருகின்றன. இந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் பலர் அந்த நாட்டுக்காரர்கள். அதனால் அப்படிப்பட்ட பழைய நோட்டு எப்போதாவது இங்கே கண்ணில் படும். ஓய்வுபெற்ற பிறகு பதினொன்று சேர்த்திருந்தேன். தினமும் காலையில் எண்ணுவேன். ஒருநாளும் குறைந்ததில்லை; ஆனாலும் எண்ணுவேன்.

இதைக் கேள்விப்பட்டு லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கைப்பையிலிருந்து ஒரு பவுண்ட் நோட்டை எடுத்தார். அவர் கணவரின் பூட்டன் துரை பங்களாவில் சமையல்காரராம். ஊர் திரும்பிய துரை அவருக்குக் கொடுத்தது. என்னிடம் இல்லாத வங்கி. உடனே என் நோட்டுகள் இருந்த ஆல்பத்தை எடுத்து வந்தேன்.

அவர் அதைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். “வெள்ளைக்காரன் காசு உங்க வீட்ல ராசா மாதிரி தூங்குதுங்க சேர். நாங்க இப்ப இருக்கிற வீட்டுச் சுவரெல்லாம் பூஞ்சணம். இதையும் கெடாம ஒரு கவர்ல போட்டுக் குடுங்க.”

“விக்கிற எண்ணமா?”

“ஐயோ, இல்லீங்க.”

அடுத்த கிழமை வரச் சொன்னேன்.

அது ஒரு பக்கம் மட்டும் அச்சான நோட்டு. வெறுமையான பின்பக்கத்தில் ஏதோ குழந்தை பென்சிலால் கிறுக்கியிருந்தது: ஒரு வீடு, பெரிய சூரியன், நாயோ ஆடோ ஒன்று. பழைய நோட்டைக் கழுவக் கூடாது என்பது எனக்குத் தெரியும். இது பென்சில்தானே என்று அழிறப்பரை எடுத்தேன். தாள் நோகாமல், மத்தியானம் முழுக்க உட்கார்ந்து துடைத்தேன். என் மனைவி எட்டிப் பார்த்து, “செல்லாத காசைக் குளிப்பாட்டியாச்சா?” என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் வந்ததும் கவரை நீட்டினேன். முகப்பை அவர் பார்க்கவே இல்லை. நேரே பின்பக்கம் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

“எம்மவன் போட்ட படம் எங்கங்க சேர்?”

மண்சரிவில் வீட்டோடு போன மகனாம். அவனுடைய போட்டோ, பள்ளிக்கூடக் கொப்பி எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டன. விற்க முடியுமா என்று கேட்க இவர் அன்று டவுனுக்குக் கொண்டுபோயிருந்ததால் இந்த நோட்டு மட்டும் மிஞ்சியது. சின்ன வயதில் இதில் கிறுக்கியதற்காக அவனை அடித்தாராம்.

இருவரும் ஜன்னலோரம் போய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். பென்சில் அழுந்திய தடம்கூட இல்லை. அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தேன்.

“அழுக்குன்னு நெனச்சிட்டீங்க. போகட்டுங்க” என்று நோட்டை மேசையில் வைத்தார். “இனி எனக்கு எதுக்குங்க? நீங்களே வச்சுக்கங்க.” குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

எது கெடாமல் இருக்க வேண்டும் என்று முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதைக் கேட்கக்கூடத் தோன்றாத அளவுக்கு எனக்கு அந்த நோட்டின்மேல் ஆசை இருந்திருக்கிறது என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.